இருபத்தெட்டு

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து
நிலோஃபர் ஒட்டிவிட்டுப் போன பட்டியல்.
லிஸ்பன். ஜூன் மாதம். ஒன்பது நாள்.
அத்தாவின் பணி ஓய்வுக்கு மகளின் பரிசு.

முதல் வரி:
இருபத்தெட்டாம் எண் டிராமில் ஏறவும்.
மசூது சிரித்துச் சிரித்து இருமினார்.
தெம்பனிசுக்கும் தோ பாயோவுக்கும் நடுவில்
பத்தொன்பது வருடம் இருபத்தெட்டை ஓட்டியவர்.
"அங்கேயும் போய் அதே நம்பரா?"
ஆனால் அன்றிரவு மேசைமேல்
உப்பு டப்பாவை மலையாக்கி
தீப்பெட்டியை டிராமாக்கி
"ஸ்டீயரிங் கிடையாதாமே" என்று
ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருந்தார்.

ஏழு குன்றுகளையும் நடந்தே பார்க்கவும்.
ஈசூனில் குன்றுக்கு எங்கே போக?
மின்தூக்கிக்கு முதுகைக் காட்டிவிட்டு
பதினான்கு மாடிக்குப் படியேறினோம்.
ஆறில் அவருக்கு மூச்சு.
ஒன்பதில் எனக்கு முழங்கால்.
பதினொன்றில் யாரோ கருவாடு வறுத்தார்கள்,
பயிற்சி அத்தோடு முடிந்தது.
நான்கு குன்று தேறும் என்று
இறங்கும்போது பேசிக்கொண்டோம், மின்தூக்கியில்.

தெருவில் சுடும் மத்தி மீன் சாப்பிடவும்.
மத்திக்காகவா இத்தனை மணி நேரம் பறப்பது,
தேக்காவில் வெட்டியே தருவானே.
முட்டைப் பணியாரம் சாப்பிடவும்.
இதன் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதினேன்:
பன்றிக்கொழுப்பு சேர்த்ததா என்று கேட்க
ஒரு வாக்கியம் படிக்கவும்.

கைப்பேசிக்குள் ஒருத்தி பாடம் நடத்தினாள்.
ஜனேலா, என்றாள். படத்தில் ஜன்னல்.
மேசா, என்றாள். படத்தில் மேசை.
ஷாவி, என்றாள்.
என் கையில் இருந்தது வீட்டுச் சாவி.
அடுத்த வீட்டு ரொஸ்னா
தன் வாசலில் துணி மடித்தபடி
"ஜெண்டேலா, மேஜா, அல்மாரி,
எங்களிடமும் உண்டு" என்றார்.
ஒரே தாழ்வாரத்தில்
மூன்று மொழிக்கு ஒரு ஜன்னல்.

அவர்களும் பட்டியலோடுதான் வந்திருப்பார்கள்.
கடலோர நகரங்களில் செய்யவேண்டியவை:
கோழிக்கோட்டில் மிளகு,
காயலில் முத்து,
மலாக்காவில் கோட்டை.
ஹஜ்ஜிலிருந்து திரும்பிய கப்பலை
ஆட்களோடு கொளுத்திய கதையை
மசூது எங்கோ படித்திருக்கிறார்.
அதைச் சொல்லி முடித்தபோது
தீப்பெட்டி
உப்பு மலைமேல் நின்றுகொண்டிருந்தது.
நான் எடுத்து அடுப்படியில் வைத்தேன்.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் பட்டியலைப் பார்க்கவில்லை.

கடைசி வரி:
ஆற்றங்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கவும்.
மணி ஒன்பதாகுமாம்.
மஃரிப் ஒன்பதுக்கு மேல் என்றால்
இஷா எப்போது, தூக்கம் எப்போது?
இங்கே வருடம் முழுக்க
ஏழு மணி சுமாருக்குச் சூரியன்
ஷிப்ட் முடிந்தவனைப்போல
திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடும்.
அங்கே அதற்கு இரண்டு மணி நேரம் ஓவர்டைம்.
கோடை என்று தனியாக ஒன்றை
நாங்கள் பார்த்ததில்லை,
எங்களுக்கு எல்லா மாதமும் அதுதான்.
அந்த உபரி வெளிச்சத்தில்
என்ன செய்வதென்று மகள் எழுதவில்லை.
நானும் பென்சிலை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

நேற்று மாலை மசூது
சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு
என்னையும் கிளப்பினார்.
ஓட்டாமல் உட்கார்ந்து பழகவேண்டுமாம்.
தெம்பனிசில் ஏறினோம்.
ஓட்டுநர் இளம்பெண், சீனத்தி,
அவரை அடையாளம் தெரியவில்லை.
அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.
ஜன்னலோரம் எனக்கு விட்டார்.
தோ பாயோ வரைக்கும்
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சற்று முன்னால்
அவருடைய வலது கால்
தரையை மெல்ல அழுத்திற்று.