பத்தொன்பது மடிப்பு

வயது அறுபத்தெட்டு. எழுதிக்கொண்டேன்.
சர்க்கரை? பன்னிரண்டு வருடமாய்.
மது? சியாலா சிரித்தாள்.
"குத்தாய்சியில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா?
எங்கள் கொடி, எங்கள் ஜாடி."
அதையும் எழுதிக்கொண்டேன்.
மருந்துக்கு முன்பே கால் மரத்ததுண்டா?
குளிர்காலத்தில், கொஞ்சம்.
எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது.
விரல்களுக்கு என்ன வேலை என்று கேட்கப்
படிவத்தில் கட்டமில்லை.

கின்காலி பிடிக்கிறவள்.
ஒன்றுக்குப் பத்தொன்பது மடிப்பு,
உள்ளே கறிச்சாறு ஒரு சொட்டும் சிந்தாமல்.

ஐந்தாம் சுற்றில்
ஃப்ரிட்ஜ் கைப்பிடி சுடுகிறது என்றாள்.
ஆறாவதில் கோட்டுப் பொத்தானை
என் பக்கம் நீட்டினாள்,
பார்வையை ஜன்னலில் வைத்துக்கொண்டு.
டாக்டர் சுராப் மருந்தின் அளவைக் குறைத்தார்.
"அப்போ கட்டி?"
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

இன்று ஒரு தட்டு கொண்டுவந்திருக்கிறாள், ஆவி பறக்க.
எண்ணக் கூடாதென்றுதான் இருந்தேன்.
பதினாலு.
சாறு கசிந்து தட்டெல்லாம் பளபளக்கிறது.

"மிளகு போதுமா?"
போதும் என்கிறேன், விரலை நக்கியபடி.
அவள் போன பிறகு
கோப்பைத் திறந்து எழுதுகிறேன்:
இரு கை விரல்களிலும் மதமதப்பு.
இரண்டாம் நிலை.
பக்கத்தின் ஓரத்தில்
என் எண்ணெய்க் கைரேகை.