ஆறாவது மேசை

பாந்த்ராவில் மழை.
ஐந்து மேசையும் நிறைந்திருந்தது,
ஆறாவதில் வீட்டுப்பாடம்.
"எல்ராய், புத்தகத்தை நகர்த்து"
அடுப்படியிலிருந்து அம்மா சொல்லியிருக்க வேண்டும்;
பாதி மேசை எனக்கு வந்தது.

ரவியோலி வரும்வரை
கட்டம்போட்ட விரிப்பில்
காம்பஸ் முனை குத்திய ஓட்டைகளை எண்ணினேன்.
பதினேழு.
அப்பா மாவுக்கையோடு வந்து சீஸ் துருவினார்.
வகுத்தல் கணக்கின் மேலும் கொஞ்சம் விழ
ஊதிவிட்டான்,
என் கண்ணாடியில்.

எங்களுக்குப் பொதுமொழி
ஏழாம் வாய்ப்பாடு மட்டும்.
எட்டேழில் அவன் தடுமாற
ஐந்து விரல், பிறகு ஆறு காட்டினேன்.
நம்பவில்லை. கூட்டிப் பார்த்தான்.

இரவு ரயிலில்
பில்லைத் திருப்பினால்
பென்சிலில் பாதி அழிந்த கணக்கு.
மீதி மூன்று
என்று வட்டமிட்டிருந்தது.

இந்நேரம் கடையைச் சாத்திவிட்டு
அந்த மேசையில்தான்
சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.