மேற்கே தண்ணீர்

வடக்கே கரடு.
கிழக்கே பென்னாகரம் போகிற சாலை,
காட்டிலாகாச் சாவடியில் எப்போதும் பாதி தூக்கிய மூங்கில்.
தெற்கே புளியமரம் நான்கு. ஒன்று போன வருஷம் விழுந்தது,
படத்தில் இன்னும் நிற்கிறது.
மேற்கே தண்ணீர்.

நான்கெல்லை எழுதச் சொல்லியிருந்தது ஒன்றிய அலுவலகம்.
பென்சில்ல எழுதுங்க டீச்சர், என்றான் டீக்கடை கெம்பன்,
மேற்க மட்டுமாச்சும்.

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது.
படிவத்தில் மட்டும் ஒரு கட்டம் இருக்கிறது:
கடற்கரை, ஆற்றங்கரை, ஏதுமில்லை.
ஆத்துக்கரட்டில் மணல் உண்டு. அலைகூட உண்டு, சின்னதாய்.
வாளியோடு குழி தோண்டும் பிள்ளைகள்,
பேரெழுதி அதைக் காலால் அழிக்கும் ஜோடிகள்,
மிளகாய் பஜ்ஜி, வாடகைக் கண்ணாடி, பலூன் சுடும் துப்பாக்கி.
உப்பு மட்டும் மாதம்மாவின் மீன்கல்லில்தான்.
ஆற்றங்கரை என்று டிக் அடித்தேன்,
அரை மனசாய்.

மணலின் அகலம்?
எட்டாயிரம் கன அடி வந்தால் அறுபது தப்படி.
பதினைந்தாயிரத்தில் இருபது.
முப்பதாயிரம் என்று செய்தியில் சொன்னால்
கேள்வியே தப்பு.

கல்வீடு பதினொன்று, சிமெண்டு அட்டை இருபத்தாறு,
தார்ப்பாய் ஒன்பது.
காலை ஆறு மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர்.
பெங்களூர் வண்டிகள் வந்து நின்றால் இரண்டாயிரம்.
இரண்டாயிரம் வந்து
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது திரும்பும் நாளும் உண்டு.
அன்றைக்குப் பரிசல்கள் கவிழ்ந்தே கிடக்கும்.
மாதம்மா கல்லைப் பற்றவைப்பதில்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பைரேசனுக்கு ரேஷன் இந்தக் கரையில்,
பெண்டாட்டி அந்தக் கரையில், கர்நாடகத்தில்.
ராத்திரி எங்கே தூங்குவீர்கள்?
பரிசலு எந்தக் கரையில நிக்குதோ அங்க.
எழுதுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள்
துடுப்பெடுத்துப் போய்விட்டான்.

நஞ்சுண்டி எண்ணெய் தேய்ப்பவர்.
தொழில்? முதுகு, என்றார்.
எத்தனை வருஷமாய்?
வருஷம் எண்ணலீங்க. முதுகு நாப்பதாயிரம் தாண்டியிருக்கும்.
ஒண்ணுகூட முகம் ஞாபகமில்ல.

கூரை இல்லாதவர்களை ராத்திரியில்தான் எண்ண வேண்டும்.
டார்ச்சோடு மணலில் இறங்கினேன்.
எண்ணெய்ப் பாட்டில்களுக்கு நடுவே நஞ்சுண்டி,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஓசூர்க்காரர் ஒருவர்,
ஒரே போர்வைக்குள் சோளக்கதிர் விற்கும் அக்கா தங்கை.
பதினேழு என்று முடித்துக் கோடு போடும்போது
ஜீப் வந்தது. மைக்கில் கரகரப்பு.
மேலணையைத் திறந்துவிட்டார்களாம்.
ஒருவரும் பதறவில்லை.
பாயைச் சுருட்டினார்கள், மணலை உதறினார்கள்.
ஓசூர்க்காரர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்,
தங்கைக்காரி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.
மற்றது தண்ணீரோடு மேட்டூர்ப் பக்கம் போயிருக்கும்.

பஸ் நிலையத்துக்கு ஏறினோம்.
சிமெண்டுத் தரை, டியூப்லைட், ஈசல்.
அது என் வட்டாரம் இல்லை.
பதினான்காம் எண், சம்பங்கி டீச்சருடையது.
இந்தப் பதினேழு பேர் இப்போது யாருடைய ஊர்?
தூணில் சாய்ந்து அதை யோசித்ததுதான் நினைவு.

விடிந்ததும் பட்டியலை ஒப்பிட்டோம்.
என்னிடம் பதினேழு. அவளிடம் பதினெட்டு.
இரண்டு தடவை கூட்டினோம், விரல் வைத்து.
கீழே அந்த அறுபது தப்படியும் இல்லை.
பழுப்பாய் ஒரு சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.
பதினெட்டாவதைப் படி, என்றேன்.

பெண். வயது நாற்பது இருக்கலாம்.
முகத்தில் முந்தானை. கையில் டார்ச்.
அசந்து தூங்குகிறார், எழுப்பவில்லை.

பென்சில்லதான எழுதின? என்று கேட்டேன்.
பேனா, என்றாள்.