பின்படிக்கட்டு

டன்வெர்ரிக் கோட்டையில்
மூன்று பேய்களுக்குக் கட்டணம் உண்டு.
பச்சை உடுத்த சீமாட்டி,
பைப் ஊதிக்கொண்டே சுரங்கத்துக்குள் போய்த்
திரும்பாத பையன்,
தலையைக் கக்கத்தில் இடுக்கிய தளபதி.
ஆளுக்குப் பதினான்கு பவுண்டு,
சிறுவருக்குப் பாதி.
மழை பெய்தாலும் பணம் திரும்பாது.
ஆர்கைல் கடற்கரையில் மழை பெய்யாத நாள்
எது என்று யாரும் சொல்வதில்லை.

ஃபெர்கஸ் லாந்தருடன் முன்னால் நடப்பான்.
சீமாட்டி வரும் தாழ்வாரத்தில்
ஜன்னலை அரை அங்குலம் திறந்துவைப்பது
என் வேலை.
குளிர் வந்து பிடரியைத் தொட்டதும்
ஜெர்மன்காரர் இருவர்
கை கோத்துக்கொள்வார்கள்.
அவர்கள் வளைவு திரும்பியதும்
நான் சாத்திவிட வேண்டும்.
ஹீட்டர் செலவு, என்பார் மேலாளர்.

நாலாவது ஒன்று இருக்கிறது.
சலவை அறையிலிருந்து மூன்றாம் மாடிக்கு
விடிகாலை நாலே முக்காலுக்கு
ஏறும்.
இறங்கிக் கேட்டதில்லை.

எங்கள் ஊர்ப் பேய்களுக்குக்
கால் தரையில் பாவாது.
இதற்குக் கால் மட்டும்தான்.
அவிழ்ந்த கூந்தல் இல்லை, மல்லிகை வாசம் இல்லை,
முகம்கூட இல்லை.
ஈரத் தோல்செருப்பின் சத்தம்,
வலதைக் கொஞ்சம் இழுத்து.
பதினோராம் படியில் நிற்கும்,
பாரத்தை ஓர் இடுப்பிலிருந்து
மறு இடுப்புக்கு மாற்றும் நேரம் வரை.
அந்த நேரம் எனக்குத் தெரியும்.
படுக்கைவிரிப்பு மூட்டையோடு
நான் நிற்பதும் அதே படிதான்.

"அது எல்ஸ்பெத்" என்றாள் மோர்னா,
காலையுணவுக்கு முட்டை உடைத்தபடி.
"சீமாட்டி குளிக்க வெந்நீர் தூக்கினவள்."
கதை?
"கதை ஒன்றுமில்லை. விழுந்தாள்."
பிறகு ஓட்டுத் துண்டு ஒன்றை
விரல் நுனியால் வழித்தெடுத்தாள்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்
புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள்.
பேய்க்கு வெந்நீர் சுமப்பவளுக்கு
எழுபத்திரண்டு படி.

நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரு கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறது.
தினமும் துடைக்கிறேன், ஆனால்
அன்றுதான் வாசித்தேன்:
பிரெஞ்சு ஒயின், நான்கு பீப்பாய்.
மெழுகுவர்த்தி.
சீமானின் வேட்டைநாய்க்குக் கல்லறைக் கல்.
எல்ஸ்பெத், குடம் உடைத்ததற்குப் பிடித்தம்.
மார்ட்டின்மஸ் கூலி,
அதற்கு நேரே ஒரு கோடு.
எழுதியவன் கை நல்ல கை.
கோட்டைக்கூட நேராக இழுத்திருக்கிறான்.

மார்ட்டின்மஸ் என்றால் நவம்பர் பதினொன்று.
அந்த வாரம் என் சம்பளச் சீட்டில்
சீருடைக்கு முப்பது பவுண்டு குறைந்திருந்தது.
கேட்கப் போனேன், கேட்கவில்லை.
அடுத்த வார வருகைத்தாளில்
என் பெயருக்குக் கீழே எழுதினேன்:
எல்ஸ்பெத். பின்படிக்கட்டு.
நாலே முக்கால் முதல் ஐந்து வரை.
கால் மணி நேரம், ஏழு நாள்.

மேலாளர் பார்க்காமல் கையெழுத்திட்டார்.
கிளாஸ்கோ அலுவலகத்திலிருந்து
பத்து நாளில் பதில் வந்தது:
ஊழியர் எண் இல்லாத நபருக்கு
நேரம் பதிய இயலாது.
மோர்னா சிரித்துச் சிரித்து
அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம்.
"நபர்" என்று எழுதியிருந்தார்களே.

மறுநாள் மூட்டையோடு
சுவரோரம் ஒதுங்கி ஏறினேன்.
பின்னால் செருப்பு,
இழுத்து, வைத்து, இழுத்து.
பதினோராம் படியில் நின்றேன்.
அதுவும் நின்றது.
பயப்பட எனக்கு நேரம் இருந்திருக்கும்.

மேலே மணி அடித்தது.
மூன்றாம் மாடி, கடற்பக்கம், சீமாட்டியின் அறை.
நவம்பரில் அதை யாருக்கும் விடுவதில்லை.
சாவி என் இடுப்புக் கொத்தில்தான் இருக்கிறது.

மறுபடி அடித்தது, பொறுமையில்லாமல்.
நாங்கள்
பாரத்தை இடுப்பு மாற்றிக்கொண்டோம்.