மைனஸ் எழுபது

குவோப்பியோ நகரத்து ஆய்வகத்தின் நிலவறையில்
இருபது வருஷத்து மலம் உறங்குகிறது.
முகம் சுளிக்க வேண்டாம்.
மைனஸ் எழுபதில் எதற்கும் நாற்றமில்லை.

ஏழாயிரம் பேர் ஒரு மார்ச் மாதத்தில்
தபாலில் அனுப்பியவை.
பனிச்சறுக்கு மட்டையை வாசலில் சாத்திவிட்டு
வீட்டாருக்குத் தெரியாமல் குப்பியில் அடைத்து
பழுப்பு உறைக்குள் இட்டு
மஞ்சள் பெட்டியில் போட்டவர்கள்,
அன்றிரவு அதே கையால்
ரை ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள்.
அதோடு மறந்தும் போனார்கள்.

ஹில்லெவி கார்ப்பினென்
கையுறைமேல் கையுறை மாட்டி
4417-ஐ எடுத்து வெளியே வைக்கிறாள்.
பெயர் கிடையாது. பெயர் தெரியக் கூடாது என்பது சட்டம்.
நாலே எழுத்துள்ள நெடுங்கணக்கை
எந்திரம் எழுத்தெழுத்தாய்ப் படித்து
அங்கே குடியிருந்தது யார் யார் என்கிறது:
நாரைத் தின்று குடற்சுவருக்குக் காரை பூசுகிறவர்கள்
கொஞ்சம், மிகக் கொஞ்சம்.
சர்க்கரையைக் கண்டதும் சாராயம் காய்ச்சுகிறவர்கள்
தெருத்தெருவாக.

குடி குடியைக் கெடுக்கும் என்று
நம் ஊர்க் கடைச்சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.
எந்தக் குடி என்று நான் யோசித்ததில்லை.
4417 ஒரு சொட்டும் தொட்டதில்லை,
வினாத்தாளில் அப்படித்தான் குறி இருக்கிறது.

கணிப்பொறி ஒரு வாக்கியம் சொன்னது:
பதினைந்து வருஷத்துக்குள் இந்த ஈரல்
இறுகிப்போக வாய்ப்பு அதிகம்.
சரிதானா என்று மருத்துவப் பதிவேட்டோடு
எண்ணுக்கு எண் ஒப்பிட்டார்கள்.
சரி. இறுகிவிட்டிருந்தது.
மாடியில் கைதட்டல் கேட்டது.
காப்பி வந்தது, ஏலக்காய் பன்னோடு.
ஹில்லெவிக்குத்தான்
ஈரக்குலை நடுங்கிற்று.
நடந்து முடிந்த பிறகு
முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம்.

*

ஔலிஸ் ஹல்லிகைனன், மரலாரி ஓட்டியவர்.
முப்பது வருஷம் ஓடிய பாதையில்
நவம்பரில் ஒருநாள் வீட்டைத் தாண்டிப் போனார்.
ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவரை
ராகேல் போய் அழைத்து வந்தாள்.
பித்தம் தலைக்கேறிவிட்டதா என்று
நாம் வசவாய்க் கேட்பதை
இங்கே ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்.
பித்தம் இல்லை, அம்மோனியா.
வடிகட்ட முடியாத ஈரலைத் தாண்டி
தலைக்குத்தான் ஏறியிருந்தது.

காகிதத்தில் சிதறிக் கிடக்கும் எண்களை
ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை
கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.
பதினொன்றில் பென்சில் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே பனி பெய்வதை
எண்ணத் தொடங்கிவிட்டார் போல.

மருந்து வந்தது, பதினைந்து மாத்திரைக் கூடுகளில்
ஊர்பேர் தெரியாத ஒருவனின் குடல்வாசிகள்.
"யாருடையது?"
சொல்லக் கூடாது என்றாள் ஹில்லெவி.
"எந்தக் கட்சிக்காரன் என்றாவது சொல்."
ராகேல் சிரித்துவிட்டு
பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.
அவர் வேடிக்கை பேசி ஐந்து மாதமாகியிருந்தது.

ஏப்ரலில் இருபத்தைந்து வரை சேர்த்தார்.
ஐம்பத்தாறு நொடி. கோடு கொஞ்சம் கோணல்.
ஈரல் அப்படியேதான் இருக்கிறது, கல் மாதிரி.
அதை யாரும் அவரிடம் மறைக்கவில்லை.
குடி மாறியிருக்கிறது, வீடு பழசு
என்று அவரே சொல்லிக்கொண்டார்.

புது மாதிரிக் குப்பியை நீட்டும்போது
கழிப்பறை வாசலில் நின்று சொன்னார்:
"முன்பு ஒருமுறை இதேபோல் கொடுத்தேன்.
அரசாங்கம் கேட்டது, தபாலில் அனுப்பினேன்.
நல்ல மார்ச் மாதம், பனி உருகவே இல்லை.
ஒரு பதிலும் வரவில்லை."

ஏழாயிரம் பேரில் எவரும்
அவராக இருக்கலாம்.
ஹில்லெவி எண் எழுதிய சீட்டை
ஒட்டினாள், நேராக, இரண்டுதரம் அழுத்தி.
கையுறைக்குள்ளும் தெரிந்தது,
குப்பி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.