காசோலையின் பின்பக்கம்

டிசம்பர் இரண்டாம் வாரம், டுலூத்.
ஏரி இன்னும் உறையவில்லை.
கடைசித் தாதுக் கப்பல்களுக்காகத்
துறைமுகப் பாலம் எழுந்து எழுந்து அமர்கிறது.
பூட்ஸ் பனியை என் மிதியடியில் உதறிவிட்டு
ஆர்விட் கோஸ்கெலா கேட்பார்:
"இந்த வருஷம் எவ்வளவு?"

பதினைந்தாயிரத்தில் தொடங்கினோம்.
பிறகு பதினாறு, பதினேழு, பதினெட்டு.
விலைவாசி ஏற ஏற
அரசாங்கம் பிரியத்தின் வரம்பையும்
ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொடுத்தது.
ஆளுக்கு அவ்வளவு. அதற்குள் என்றால்
வரியில்லை, படிவமில்லை, ஏன் என்ற கேள்வியில்லை.

ஒரு சரளைக்கல் குவாரி,
ஏரிக்கரையில் நாற்பது ஏக்கர் பிர்ச் மரம்.
செத்தால் மினசோட்டா கை நீட்டுகிற அளவு சொத்து;
இருக்கும்போது
ஐந்து டாலர் காப்பிக்கு முகம் சுளிக்கிற மனிதர்.
கரை உடையும்வரை காத்திருக்க வேண்டாம்,
வருஷா வருஷம் மடையைத் திறந்துவிடுங்கள் என்றேன்.
என் தொழிலில் இது பழைய யோசனை.

நான்கு காசோலை.
மகள் மெர்யா நன்றி அட்டை அனுப்புவாள்.
அவள் பிள்ளைகள் இருவரும்
போனில் ஒரு கட்டைவிரல் படம்.
டூசானில் இருக்கும் மகன் ரெய்னோ
எதுவும் அனுப்புவதில்லை,
பணத்தை எடுத்துக்கொள்வான்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
காரணத்துக்கு என் படிவங்களில் கட்டம் கிடையாது.

ஜனவரியில் வங்கியிலிருந்து நகல்கள் வரும்.
முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார், அது அவர் எழுதியது.
பின்பக்கம் திருப்பி
மகனின் கையெழுத்தை விளக்கடியில் பிடிப்பார்.
"போன தடவை கடைசி எழுத்துக்கு வால் இருந்தது."
"அவசரத்தில் போட்டிருக்கிறான்."
பதினெட்டாயிரத்துக்கு வருஷம் ஒரு சொல்,
அதுவும் அவன் பெயர்.

கொடை என்பது, சட்டம் சொல்கிறது,
பதிலுக்கு ஒன்றும் பெறாமல் கொடுப்பது.
அந்தப் பத்தியை நான் அவருக்கு வாசித்துக்காட்டியதில்லை.

பத்தொன்பதாயிரம் ஆன வருஷம்
மூன்று நகல்தான் வந்தது.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் மாற்றாத காசோலை
அந்த வருஷக் கணக்கில் கொடையே அல்ல என்றேன்.
விட்டுப்போன வரம்பு மறுவருஷத்தில் சேராது என்றேன்.
வங்கிக்கு வங்கி நேரே அனுப்பிவிடலாம்,
ஒரு நொடி,
அவன் கை படவே வேண்டாம் என்றேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
அடுத்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசியில் வந்தது நாலாவது நகல்.
கோணலான கையெழுத்து.
கீழே, வங்கி வெறுமையாக விடச் சொல்லும் இடத்தில்,
"ஆஸ்பத்திரியில் இருந்தேன்."

அந்த நகலுக்கு ஒரு நகல் கேட்டார்.
எடுத்துக்கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

இந்த டிசம்பர். அதே பனி, அதே மிதியடி.
மூன்று பேருக்குப் பத்தொன்பது,
ரெய்னோவுக்கு இடமில்லை என்றேன்.
பிப்ரவரியில் எடுத்தது
இந்த வருஷ வரம்பைத் தின்றுவிட்டது.

"மீறி எழுதினால்?"
வரி வராது, ஆனால் படிவம் உண்டு;
மூன்று வருஷத்துக்குள் நீங்கள் போய்விட்டால்
மினசோட்டா அதையும் கூட்டி எண்ணும்.

"அப்போ மூன்று வருஷம் இருந்துவிடுகிறேன்.
படிவத்தைக் கொடு."

ஏப்ரலில் நானே தட்டச்சு செய்வேன் என்றேன்.
காதில் விழாதவர் போலப் பேனா கேட்டார்.
பெறுபவர் பெயர். டூசான் முகவரி,
பார்க்காமலே எழுதினார்.
அடுத்த கட்டம்: கொடுப்பவருக்கு என்ன உறவு?

பேனா அங்கே நின்றது.
வெளியே பாலம் எச்சரிக்கை மணி அடித்தது,
ஏதோ ஒரு கப்பல் உள்ளே வருகிறது.
அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி அழுத்தி
எழுதினார்: மகன்.