வியாழக்கிழமை நகங்கள்

லீபாயாவில் காற்றுக்கு ஓய்வில்லை.
கடலிலிருந்து கிளம்பி
எங்கள் ஆலயத்தின் தகரக் கூரையை
இரவெல்லாம் பிடித்து உலுக்கும்.
வியாழக்கிழமைகளில் நான் மாடியறையில்
ஞாயிறுக்கான பிரசங்கம் எழுதுவேன்.
வெந்நீர்க் குழாய் வழியே
கீழிருந்து ஒரு சத்தம் ஏறி வரும்:
நறுக்.
சற்று இடைவெளி.
நறுக்.

அன்று எழுதிக்கொண்டிருந்தது மூன்றாம் பக்கம்.
"அன்பு என்பது" என்று தொடங்கி
ஐந்து முறை அடித்துவிட்டேன்.
தேநீர் குடித்தால் வரும் என்று தோன்றியது.
கையில் தாளோடே இறங்கினேன்.

கீழ்க்கூடத்தில் எட்டுப் பேர்,
துறைமுகச் சுவரோரம் படுக்கிறவர்கள்.
ஈரக் காலுறைகள் ஹீட்டர்மேல் காய்கின்றன.
அந்த வாடைக்கு என்னிடம் சொல் கிடையாது.
நடுவே முக்காலியில் வெல்தா.
மடியில் பழைய துவாலை, துவாலையில் ஒரு பாதம்,
கையில் குளம்பு நறுக்கும் குறடு.
"குதிரைகளுக்கு வாங்கினது" என்பாள் யாராவது கேட்டால்,
"அவை இவ்வளவு முனகியதில்லை."
ழானிஸ் மட்டும் சிரிப்பான். அவனுக்குச் சலுகை:
இரண்டு விரல்களைப் பனி தின்றுவிட்டதால்
எட்டு நகங்களோடு வேலை முடிந்துவிடும்.

அவள் அங்கே ஜெபிப்பதில்லை.
கடவுளைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால்
குறட்டால் உத்தரத்தைக் காட்டி
"மேலே கேள்" என்பாள்.
ஆண்டவரைச் சொல்கிறாளா, என்னையா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஆர்விட்ஸ் வந்து உட்கார்ந்தார்.
கூடத்தில் பேச்சு தணிந்தது.

ஊருக்குத் தெரியும்.
எழுபத்தொன்பதின் ஈஸ்டர் இரவில்
ஆலயத்துக்கு எதிரே விளக்குக் கம்பத்தடியில்
சின்ன நோட்டோடு நின்றவர் இவர்.
உள்ளே போனவர்களின் பெயர்களை
அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டவர்.
அதில் ஒரு பெயர்
இசைப்பள்ளியின் இளம் பியானோ ஆசிரியை.
மே மாதத்துக்குள் அவளுக்குப் பியானோ இல்லை,
கூட்டுப்பண்ணையின் லாயம் இருந்தது.
அங்கேதான் கற்றாள்
ஒரு பெரும் உடலின் பாரத்தைத் தொடையில் வாங்கி
நகத்தில் உயிர் எங்கே தொடங்குகிறது என்று
விரலால் தடவி அறிவதை.

அவரால் குனிய முடியாது. சர்க்கரை நோய்.
வாரக்கணக்காய்க் குதிகாலால் நடந்துகொண்டிருந்தார்.
அவளே வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.
பெருவிரலில் நகம்
ஆட்டுக் கொம்புபோல் சுருண்டு சதைக்குள் இறங்கியிருந்தது.
வெந்நீரில் இருபது நிமிடம்.
இருவரும் பேசவில்லை.
காற்று மட்டும் கூரையோடு ஏதோ தகராறு.

நறுக்.

ஒரு சொட்டு ரத்தம்.

நாற்பது வருடமாய்த் தவறாத கை.
தவறியதா என்று நான் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை,
காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.
அவள் அந்தச் சொட்டையே
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு பஞ்சை வைத்து அழுத்தினாள்.
எடுத்துப் பார்த்து, நிற்காததால்
மறுபடியும் அழுத்தினாள்.
சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம்
அப்படியே இருந்தார்கள்,
அவர் பாதம் அவள் உள்ளங்கையில்.

கட்டுப் போட்டு முடித்தபின் சொன்னாள்:
"அடுத்த வியாழன் வாருங்கள்.
இடது கால் பாக்கி."

தரையைக் கூட்டியபின் என்னிடம் திரும்பி,
நகங்களைச் சுற்ற ஏதாவது தாள் உண்டா என்றாள்.
இருந்தது.
எழுதின பக்கம் உள்ளே போகும்படி
நான்காய் மடித்தாள்.

ஞாயிறன்று இரண்டாம் பக்கத்திலிருந்து
நான்காம் பக்கத்துக்குத் தாவினேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
வெல்தா தூணருகே தூங்கிக்கொண்டிருந்தாள்,
வாய் லேசாகத் திறந்து.
ஆர்விட்ஸ் உள்ளே வரவில்லை.
ஜன்னல் வழியே தெரிந்தார்:
எதிர்ப்புறம், அதே கம்பத்தடியில்,
நோட்டு இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்,
வலது பாதத்தை மட்டும்
பனியில் முழுதாய் ஊன்றி.